முன்கண்ணாடி ஒழுகும் பழைய வேன்: தகரத்திலிருந்து தொடங்கும் பழுதுபார்ப்பு

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துவிட்டால், பழைய வேன் வைத்திருப்பவர்கள் காலையில் ஓட்டுநரின் காலடியில் கிடக்கும் மிதியடியைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள். அது நனைந்திருந்தால் கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் குழாய் வாங்கி வந்து, முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் மேல் பிதுக்கி, விரலால் தடவிவிட்டு, வேலை முடிந்ததென்று எண்ணிக்கொள்வதே பெரும்பாலோர் வழக்கம். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கையும் ஓர் அடுப்பும் வைத்து வீடாக மாற்றிக்கொண்ட என் வேனுக்கு நானும் இரண்டு மழைக்காலம் அதையே செய்தேன். மூன்றாம் ஆண்டு கண்ணாடியைக் கழற்றியபோதுதான், சட்டத்தின் இடது மேல் மூலையில் ஒரு விரல் நீளத்துக்குத் தகரம் கிழிந்திருந்தது தெரிந்தது. பீடிங்குக்கு அடியில் மறைந்திருந்த அந்த விரிசல் ஒவ்வொரு வளைவிலும் திறந்து மூடிக்கொண்டிருக்க, வெளியே பூசிய சிலிக்கான் அதை எப்படித் தடுக்கும்? ஆகவே முதலில் தகரத்தையும், பிறகு துருவையும், கடைசியில் கண்ணாடியையும் பசையையும் கவனிப்பது என்ற வரிசையை மாற்றாமல் வேலை செய்யுங்கள்.

மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இந்த விரிசல் ஏன் வருகிறது என்று தெரிந்தால் அதைத் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அப்படிப்பட்ட வளைவில் திரும்பும்போது, முன்சக்கரங்களில் ஒன்று மேட்டில் ஏறியிருக்க, அதே பக்கத்துப் பின்சக்கரம் பள்ளத்திலேயே இருப்பதால், வண்டியின் அடிச்சட்டமாகிய சேஸ் ஈரத்துணியைப் பிழிவதுபோலச் சற்றே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு மேலே இருக்கும் தகரக் கூட்டுக்கும் போகிறது. கூட்டிலுள்ள பெரிய துளைகளில் ஒன்று முன்கண்ணாடிக்கான திறப்பு. நீள்சதுரமாக இருக்கும் அந்தத் திறப்பு ஒவ்வொரு வளைவிலும் ஒரு நூல் அளவு சாய்ந்து மீள்கிறது. கண்ணாடி வளையாது, ரப்பர் ஓரளவு இடம் கொடுக்கும், மிச்சத்தை மூலைத் தகரம் தாங்க வேண்டும். 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தகரம், அதிலும் துரு அரித்து மெலிந்த தகரம், எத்தனை ஆண்டு தாங்கும்? முன்கண்ணாடியின் நான்கு மூலைகள், கதவுத் திறப்பின் மேல் மூலைகள், பக்கக் கண்ணாடிகளின் கீழ் மூலைகள், கூரைச் சுமைதாங்கியின் கால்கள் ஊன்றிய இடங்கள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கிழியும்.

வேலையில் இறங்கும் முன், அது கசிவுதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். குன்னூரில் எனக்கு டிங்கரிங் என்னும் வண்டித் தகர வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் முதல்முறை வண்டியைக் கொண்டுபோனபோது, அவர் கண்ணாடியை விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பாதி மழைத்தண்ணி இல்ல, நீங்க ராத்திரி மூச்சு விட்ட தண்ணி" என்றார். சிரிப்பாக இருந்தாலும் கணக்கு சரியானது. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. அதனுடன் இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரமும் சேர்ந்தால், மார்கழிக் குளிரில் வண்டியிலேயே மிகவும் குளிர்ந்திருக்கும் பரப்பாகிய முன்கண்ணாடியில் அது படிந்து, கீழே வழிந்து, டேஷ்போர்டுக்குள் இறங்கும். மழையில்லாத ஓர் இரவு வண்டியில் படுத்து எழுந்து மிதியடியைத் தொட்டுப் பாருங்கள். மழை பெய்யும் ஓர் இரவு யாரும் படுக்காமல் வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். முதல் நாள் மட்டும் நனைந்திருந்தால் உங்களுக்குத் தேவை பசை அல்ல, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்த சன்னல்கள்.

மழைத்தண்ணீர்தான் என்றால், அது நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே உட்கார, மற்றவர் வெளியே நின்று தோட்டத்துக் குழாயை வேகமில்லாமல் திறந்துவிட வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். முதலில் வைப்பர் தண்டுகளின் அடிப்பகுதி, பிறகு பீடிங்கின் கீழ் விளிம்பு, பக்கங்கள், மேல் விளிம்பு, கடைசியாகக் கூரையின் மடிப்புகள் என்று ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விட்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர் சொட்டு விழும் இடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. தண்ணீர் தகரத்தின் உள்மடிப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தூரம் நடந்துபோய் வேறோர் இடத்தில் சொட்டும் குணம் உடையது. உள்பக்க அட்டைகளைக் கழற்றிவிட்டு, தண்ணீர் முதலில் தலைகாட்டும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். தனியாளாக இருந்தால் மற்றொரு வழி உண்டு: எல்லாச் சன்னல்களையும் மூடி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும்படி டேஷ்போர்டின் காற்றூதியான புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே பீடிங்கின் மேல் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசினால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை குமிழியிடும்.

இந்தச் சோதனையில் முன்கண்ணாடி குற்றமற்றது என்று தெரியவருவதும் உண்டு. கூரை விளிம்பில் பதித்த விளக்குகளின் திருகாணிகள், கூரைத் தகரத்தின் மடிப்பில் வெடித்துப்போன பழைய பசை, சுமைதாங்கியின் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள். வைப்பருக்குக் கீழே, புளோயருக்குக் காற்று போகும் வழியில் உள்ள காற்றுத்தொட்டியின் வடிகால் துளைகளையும் மறந்துவிடாதீர்கள். கற்பூர மரத்து இலையும் சில்வர் ஓக் சருகும் விழுகிற ஊர் இது. அந்தத் துளைகளை அடைத்துத் தொட்டியை நிரப்ப ஒரு மாதச் சருகு போதும், அதன்பின் தண்ணீர் புளோயர் வழியாக உங்கள் காலுக்கு வந்துவிடும். ஒரு கம்பியைவிட்டுக் குத்தினால் தீரும் குறைக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

தகர வேலை

கண்ணாடியைக் கழற்றும் முறையைப் பின்னால் சொல்கிறேன். கழற்றிய பிறகு முதலில் செய்ய வேண்டியது வண்டியை மட்டமாக நிறுத்துவது. மலையில் இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். சாய்வில் நிற்கும் வண்டி ஏற்கெனவே சற்று முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் விரிசலை வெல்டிங் செய்தால் முறுக்கையும் சேர்த்து நிலைப்படுத்திவிடுவீர்கள், அப்புறம் கண்ணாடி சட்டத்தில் உட்காராது. தாழ்ந்த சக்கரங்களுக்கு அடியில் பலகைகள் கொடுத்து, முன்கண்ணாடித் திறப்பின் இரண்டு குறுக்கு மூலைவிட்டங்களையும் அளவுநாடாவால் அளந்து, இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும்வரை பலகைகளை மாற்றுங்கள். எனது வண்டியில் முதலில் 9 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. ஒரு பின்சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்ததும் அது 2 மில்லிமீட்டராகக் குறைந்தது.

அடுத்து, உடம்புத் தகரம் இரும்பா அலுமினியமா என்பதைக் காந்தம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திக் கட்டிய கூடுகளும் உண்டு. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். இரும்புக்கான வெல்டிங் அங்கே பயன்படாது. இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும் என்பதால், இரண்டுக்கும் நடுவே பிரைமர் என்னும் அடிப்பூச்சோ பசைப்படலமோ இருக்க வேண்டும்.

விரிசலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வண்ணப்பூச்சையும், பள்ளத்தை நிரவ வைத்த பழைய பட்டியையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். கண்ணுக்குத் தெரியும் முனை விரிசலின் உண்மையான முனை அல்ல. அதைக் காண, மெல்லிய எண்ணெயைத் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தேய்த்துவிடுங்கள்; விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் பொடியில் கசிந்து ஒரு கோடாக வரும், அந்தக் கோடு நீங்கள் நினைத்ததைவிட நீளமாகவே இருக்கும். அதன் முடிவில் 3 மில்லிமீட்டர் துரப்பண முனையால் ஒரு துளை போடுங்கள். கூரிய முனையில் குவியும் இழுவிசை வட்டமான துளையின் சுற்றளவில் பரவிவிடுவதால், விரிசல் அங்கிருந்து மேலே ஓடாது. துளை போடாமல் வெல்டிங் மட்டும் செய்த விரிசல், வெல்டிங் முடிந்த இடத்திலிருந்து மறுபடி புறப்படும்.

வெல்டிங் தொடங்கும் முன், வீடாக மாற்றிய வண்டிக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. எரிவாயு உருளையை வண்டியிலிருந்து இறக்கித் தொலைவில் வையுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளேயே விட்டுவைப்பது போதாது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். தகரத்துக்குப் பின்னால் குளிர் தாங்க ஒட்டியிருக்கும் நுரைப்பஞ்சு, பிளைவுட், திரைச்சீலை எல்லாவற்றையும் வெல்டிங் இடத்திலிருந்து கைக்கெட்டாத தூரத்துக்கு அகற்றுங்கள், ஏனெனில் நுரைப்பஞ்சு தீப்பிடித்தால் வரும் புகை நச்சுப்புகை. எண்ணெய் தடவிய இடத்தைத் தின்னரால் கழுவி முற்றிலும் உலரவிடுங்கள். ஈரச்சாக்கும் தீயணைப்பானும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரம் அவர் அங்கேயே இருக்க வேண்டும்.

மெல்லிய தகரத்துக்கு ஆர்க் வெல்டிங் வேண்டாம், ஓட்டை விழும். பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்று சொல்லும் கம்பி வெல்டிங்கே பொருத்தம், 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. விரிசலின் வழியே ஒரே இழுப்பாக ஓடாமல், இங்கே ஒரு புள்ளி, ஒரு விரற்கடை தள்ளி ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, கை பொறுக்கும் அளவுக்குத் தகரம் ஆறிய பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். அவசரப்பட்டால் தகரம் அப்பளம்போல நெளியும். பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்தால் உருகிய இரும்பு அதில் ஒட்டாது, சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும். மேடாக நிற்கும் வெல்டிங்கைத் தேய்க்கும்போது கிரைண்டரைச் சுற்றியுள்ள நல்ல தகரத்தில் அழுத்தினால், அங்கே மெலிந்து அடுத்த விரிசலுக்கு நீங்களே கோடு போட்டுக் கொடுத்ததாகும்.

மூலையில் வந்த விரிசலுக்கு வெல்டிங் மட்டும் போதாது, உள்பக்கத்தில் ஒரு தாங்கு ஷீட் தேவை. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: இன்னொரு முறை கிழியவே கூடாது என்று 3 மில்லிமீட்டர் தகட்டை வைத்து இறுக்கிவிடுவார்கள். அப்போது அந்த இடம் கல்லாகிவிடும், முறுக்கு எங்கேயாவது போக வேண்டும் அல்லவா, அது தகட்டின் விளிம்பில் போய்த் தகரத்தைக் கிழிக்கும். பழைய தகரத்தின் அதே கனத்தில், அல்லது அதைவிடச் சிறிதே கூடுதலான கனத்தில், மூலைகளை ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு வளைவாக வெட்டி வையுங்கள். சதுர மூலையுள்ள ஒட்டு அடுத்த கிழிசலுக்கு விதை. கூரையில் ஒட்டுப்போட நேர்ந்தால் ஓடு வேய்வதுபோல மேலிருக்கும் தகரம் கீழிருப்பதன் மேல் படிய வேண்டும். தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக வாய் திறந்த ஒட்டு எத்தனை பசை பூசினாலும் குடிக்கும்.

வெல்டிங் வாய்ப்பே இல்லாத தொலைவில் மாட்டிக்கொண்டால், துளை போட்ட விரிசலின் மேல் பாலியூரித்தேன் பசை பூசிய தகட்டை வைத்துப் பாப் ரிவெட் அடிப்பது ஒரு பருவத்துக்குத் தாங்கும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பட்டி பற்றி ஒரு சொல். பட்டி என்பது பள்ளத்தை நிரவுவதற்கு; துளையை அடைப்பதற்கு அல்ல. அது ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், வெறும் இரும்பில் வைக்காமல் எப்பாக்சி பிரைமரின் மேல், 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் வைக்க வேண்டும். குளிரில் இறுகவில்லையே என்று கெட்டிப்படுத்தும் பசையைக் கூட்டினால் பின்னால் வெடிக்கும். வெயிலில் வைத்து வேலை செய்வதே வழி.

கண்ணாடி வேலை

பழைய வேன்களில் முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கின் ஒரு பள்ளத்திலும், தகர விளிம்பு அதன் மற்றொரு பள்ளத்திலும் உட்கார்ந்திருக்கும். கண்ணாடியை நேரடியாகத் தகரத்தில் பசையால் ஒட்டிய புதிய வகை வண்டியென்றால், அதை இந்த வேலையே தொழிலாகச் செய்பவரிடம் விட்டுவிடுங்கள். அங்கே ஒட்டு வலுவின்மை உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெயில் ஏறிய நண்பகலில், ரப்பர் இளகியிருக்கும்போது கழற்றுங்கள். வைப்பர் கைகளை எடுத்துவிட்டு, பீடிங்கை இறுக்கிப் பிடிக்க அதன் வெளிப்பக்கத்தில் நுழைத்த பூட்டுப் பட்டை இருந்தால் அதை உருவுங்கள். பழைய பீடிங்கைக் காப்பாற்ற முயலவே வேண்டாம். வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால் கண்ணாடி தானே வெளியே வரும், அந்த நேரத்தில் வெளியே ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். முன்கண்ணாடி பெரும்பாலும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மென்படலம் வைத்து ஒட்டிய வகை. அது சிதறாது, ஆனால் ஒரே இடத்தில் அழுத்தினாலோ வளைந்தாலோ கோடு விழுந்துவிடும். கழற்றியதை மடித்த கம்பளியின் மேல் சுவரோரமாக நிமிர்த்தி வையுங்கள். அதன் ஓரத்தில் பால்போல வெளுத்த திட்டுகள் உள்ளே பரவியிருந்தால் படலத்துக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. திட்டு பார்வைக்குள் வந்துவிட்டால் கண்ணாடியையே மாற்றுவது நல்லது.

இப்போது தகர விளிம்பைப் பாருங்கள். நான் பார்த்த பழைய வண்டிகளில் கீழ் விளிம்பு துருப்பிடிக்காதது ஒன்றுகூட இல்லை, ஏனெனில் பீடிங்குக்குள் புகுந்த நீர் அங்கேதான் தேங்குகிறது. கம்பித் தூரிகையால் தேய்த்தபின் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போகும் இடமெல்லாம் வெட்டி எடுத்து ஒட்டுப்போட வேண்டிய இடம். குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசி, அதன் டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகு எப்பாக்சி பிரைமரும் அதன் மேல் வண்ணமும் மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள். விளிம்பில் பூச்சு தடித்துவிட்டால் ரப்பரின் பள்ளம் அதைக் கவ்வாது. பழைய சிலிக்கான் எங்கேனும் இருந்தால் ஒரு துளி விடாமல் சுரண்டி எடுங்கள். அதன் மேல் வண்ணம் ஒட்டாது. காடிவாடை வீசும் சிலிக்கான் இறுகும்போது வெளிவரும் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். நான் இரண்டு ஆண்டு காசு கொடுத்து வாங்கிப் பூசியது அதைத்தான்.

நம் ஊரில் இதற்கெல்லாம் எதிரி மூடுபனி. தகரத்தின் மேற்பரப்பு, காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருந்தால்தான் பூச்சு பிடிக்கும் என்பது வண்ணப்பூச்சு வேலையில் வழக்கமான விதி. கருவி இல்லாதவர்கள் ஈரத்துணியால் தகரத்தில் ஓரிடத்தைத் துடைத்துப் பார்க்கலாம். கால்மணி நேரத்துக்குள் உலர்ந்தால் தொடங்கலாம், உலராவிட்டால் தேநீர் குடித்துவிட்டு நாளை வரலாம். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை, காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரமே உகந்தது. பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தைக்கொண்டே இறுகும் என்பதால் அதற்குப் பனி பகையல்ல. ஆனால் ஒட்டும் பரப்பு உலர்ந்திருக்க வேண்டும், குளிரில் அது இறுக வழக்கத்தைவிட நாள் கூடும்.

புதிய பீடிங் வாங்கப் போகும்போது பழையதில் ஒரு சாண் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். கண்ணாடிக்கான பள்ளமும் தகரத்துக்கான பள்ளமும் வேறு வேறு அகலம். இரண்டும் பொருந்த வேண்டும். மீட்டர் கணக்கில் வாங்குவதானால் தேவையைவிட ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டி, இணைப்பு மூலையில் வராமல் பார்த்து, இறுக்கி நுழையுங்கள். குளிரில் ரப்பர் சுருங்கும்; சரியளவாக வெட்டியது முதல் பனிக்காலத்திலேயே இணைப்பில் வாய் பிளந்துவிடும்.

பீடிங்கைக் கண்ணாடியின் சுற்றிலும் மாட்டி, தகரத்துக்கான பள்ளத்தில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிப் பதித்து, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறியிருக்கும்படி உள்பக்கம் தொங்கவிடுங்கள். பள்ளத்துக்கும் விளிம்புக்கும் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். கண்ணாடியைச் சட்டத்தில் நடுவாக நிறுத்தி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுப்பக்கமாக நிதானமாக இழுத்தால், ரப்பரின் உள் உதடு ஒவ்வோர் அங்குலமாகத் தகரத்தைத் தாண்டி உள்ளே புரளும். மூலைகளில் கயிறு அடம்பிடிக்கும். வெளியே இருப்பவர் அந்த மூலைக்கு நேராக அழுத்த வேண்டும், சுத்தியல் எடுக்கக்கூடாது. பூட்டுப் பட்டையைக் கடைசியில் நுழைத்து, சோப்பு ஈரம் முழுதும் உலர ஒரு நாள் விடுங்கள்.

அதன் பிறகே பசை. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவிலும், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவிலும், வெளி உதட்டை மரச்சீவலால் தூக்கி, கெட்டிப்படாத வகை கண்ணாடிப் பசையை மெல்லிய மூக்குக் குழாயால் உள்ளே செலுத்துங்கள். முறுக்கும் வண்டியில் இறுகிப்போகும் பசை வெடிக்கும். மெழுகுபோல இளகியே இருக்கும் பசை கூடவே அசையும். வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டால் பீடிங் புதிதுபோலவே இருக்கும். வெளியே தெரியும் பசையால் பயன் குறைவு.

வெல்டிங் செய்த மூலையின் உள்வெளிக்கு நீளக்குழாய் வழியாக மெழுகுத் தெளிப்பு கொடுத்து, உள்பக்கத் தாங்கு ஷீட்டுக்கு வெள்ளை வண்ணம் அடியுங்கள். வெள்ளையில் ஒரு மயிரிழை விரிசல் வந்தாலும் பழுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டு நாள் கழித்து முன்போலக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுப் பார்த்து, சொட்டு இல்லையென்றாலும் உள்பக்க அட்டைகளை உடனே மாட்டாமல், மேட்டுப்பாளையம் வரை ஒருமுறை இறங்கி ஏறிவிட்டு, அதே சோதனையை மறுபடி செய்தபின் மாட்டுங்கள்.